போர் முடிந்தபின் எழுந்த வினா

சேர்வராயன் மலையின் மே மாதத்தை வெளியூர் அன்பர்கள் ஏரிக்கரையிலும் கோடை விழாவின் மலர்க்காட்சியிலும் மட்டுமே அறிவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்திற்கு வந்து, ஒரு பகல் குளிர்காய்ந்து, மாலையில் சேலத்திற்கு இறங்கிவிடுவோர் அவர்கள். ஏற்காட்டிலேயே வாழும் நமக்கோ மே மாதம் என்றால் கோடைமழை. சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடியின் மீது நீர் இறங்கும் ஓசை. எங்கோ ஒரு கிளை கம்பியின் மீது சாய்ந்ததால் வரும் மின்தடை. கடந்த கோடையில் அத்தகைய மழை மூன்று நாள்கள் விடாது பெய்தது. அந்த மூன்று நாள்களில் நாம் ஒரு போரைப் படித்தோம்.

நம் தங்கையின் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். பதின்மூன்று வயது. வரும்போதே பை நிறையப் புத்தகங்கள். “என்ன புத்தகம்?” என்றோம். “மங்கா, பெரிய தாத்தா” என்றான். ‘மாங்காய்’ என்று நம் காதில் விழுந்ததைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. ஜப்பான் நாட்டுச் சித்திரக்கதை நூல்களை அவ்வாறு அழைப்பார்களாம். கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்து, தொலைக்காட்சியும் அணைந்துவிட்ட நிலையில், வேறு வழியின்றி அவன் நமக்குக் கதை சொல்லத் தொடங்கினான். வலமிருந்து இடமாக, பின்னட்டையிலிருந்து முன்னட்டைக்குப் படிக்க வேண்டிய நூல் அது. அறுபத்தெட்டு வயதில் மீண்டும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது போன்ற உணர்வு நமக்கு.

சித்திரக்கதை என்றால் பொழுதுபோக்கு, பொழுதுபோக்கு என்றால் வீண் என்று ஒரு கணக்கை நாம் நெடுங்காலமாக வைத்திருந்தோம். அந்தக் கணக்கு தவறு என்பதை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரை. ஆயினும் பாராட்டுரை எழுதுவது நம் நோக்கமன்று. இந்நூல் நம்மிடம் ஒரு வினாவைக் கேட்டது. அவ்வினாவுக்கு நூல் தரும் விடை நேர்மையானதா என்று ஆராய்வதே நோக்கம்.

கதையும் களமும்

நூலின் பெயர் ‘நரூட்டோ’. ஆசிரியர் மசாஷி கிஷிமோட்டோ, 1974-இல் ஒகாயாமா மாவட்டத்தில் பிறந்தவர். ‘ஷோனென் ஜம்ப்’ என்னும் ஜப்பானிய வார இதழில் 1999-இல் தொடங்கி 2014 நவம்பரில் நிறைவுற்ற இத்தொடர் எழுநூறு அத்தியாயங்கள் கொண்டது. நூல் வடிவில் எழுபத்திரண்டு தொகுதிகள். பதினைந்து ஆண்டுகள் வாரந்தோறும் ஒருவர் ஒரே கதையை வரைந்துகொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொடர் தொடங்கியபோது பள்ளியில் இருந்தவர்கள், அது முடிந்தபோது பெற்றோராகியிருந்தனர்.

நரூட்டோ ஓர் அனாதைச் சிறுவன். பிறந்த அன்றே, ஊரை அழிக்க வந்த ஒன்பது வால் நரியின் ஆற்றலை அவன் உடலுக்குள் அடைத்து முத்திரையிட்டுவிட்டார்கள். ஊரைக் காக்கவே அவ்வாறு செய்தார்கள். ஆனால் காக்கப்பட்ட ஊரே அவனைத் தீண்டத்தகாதவனாய் ஒதுக்கியது. அந்த ஊரின் பெயர் கொனோஹா. இலைகளுள் மறைந்த ஊர் என்பது பொருள். நிஞ்சா என்னும் மறைபோர் வீரர்கள் வாழும் ஊர். அவ்வூரின் தலைவனாக வேண்டும், அன்று தன்னை ஒதுக்கியோர் தன்னை ஏற்க வேண்டும் என்பதே அவன் கனவு.

நாம் சொல்ல வந்த போர் 2008, 2009-ஆம் ஆண்டுகளில் வெளியான அத்தியாயங்களில் நிகழ்வது. கொனோஹாவின் மீது படையெடுத்து வருகிறவனுக்குப் ‘பெயின்’ என்று பெயர். வேதனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே ஆசிரியர் அவனுக்குப் பெயராக்கியிருக்கிறார். அவன் ஓர் உடலில் வருபவனல்லன். ஆறு உடல்களில் வருகிறான். அவ்வாறும் பிணங்கள். பௌத்தம் கூறும் தேவர், அசுரர், மனிதர், விலங்கு, பேய், நரகர் என்னும் அறுவகைப் பிறவிகளின் பெயர்களைத் தாங்கியவை. அவற்றைத் தொலைவிலிருந்து இயக்குகிறவன் நகாட்டோ என்பவன். கால்கள் செயலிழந்து, எலும்பும் தோலுமாய், ஓர் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு எங்கோ ஒளிந்திருக்கிறான்.

நகாட்டோவின் கதையை ஆசிரியர் பொறுமையாகச் சொல்கிறார். பெருநாடுகள் போரிட்டபோது நடுவில் நசுங்கிய சிறு நாட்டில் பிறந்தவன் அவன். ஓயாது மழை பெய்யும் நாடு அது. உணவு தேடி அவன் வீட்டுக்குள் நுழைந்த கொனோஹா வீரர்கள் அவனுடைய பெற்றோரைக் கொன்றுவிடுகிறார்கள். பின்னர் யாஹிக்கோ, கொனான் என்னும் இரு அனாதைகளோடு அவன் சேர்கிறான். அம்மூவருக்கும் பயிற்சி அளித்தவர் ஜிராயா. அவரும் கொனோஹாவைச் சேர்ந்தவரே. அமைதிக்காக இயக்கம் தொடங்கிய யாஹிக்கோ வஞ்சகத்தால் சிக்கவைக்கப்பட்டு, நகாட்டோவின் கையிலிருந்த ஆயுதத்தின் மீதே பாய்ந்து உயிரை விடுகிறான். அந்த வஞ்சகத்திலும் கொனோஹாவுக்குப் பங்குண்டு. ஆறு உடல்களில் முதன்மையான உடல் அந்த யாஹிக்கோவினுடையதுதான்.

அதே ஜிராயாதான் பின்னாளில் நரூட்டோவுக்கும் ஆசிரியராகிறார். தம் பழைய மாணவனைத் தேடிச் சென்றபோது அவன் கையாலேயே மடிகிறார். ஆக, ஒரே ஆசிரியரின் இரு மாணவர்கள் களத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவன் ஆசிரியரைக் கொன்றவன், மற்றவன் அவருக்காக அழுதவன்.

அந்த அழுகை பற்றி ஒரு சொல். ஜிராயா இறந்த செய்தி வந்த இரவில் நரூட்டோ ஒரு குச்சி ஐஸ் வாங்கிக்கொண்டு தெருவோரப் பலகையில் அமர்கிறான். இரட்டைக் குச்சிகள் உள்ள ஐஸ் அது. முன்பு ஆசிரியர் அதைப் பிளந்து ஒரு பாதியை அவனுக்குக் கொடுப்பார். இப்போது பிளந்து கொடுக்க எவருமில்லை. ஐஸ் உருகிக் கையில் வழிகிறது. வேறெதுவும் நிகழ்வதில்லை. இவ்வளவு சொற்சிக்கனமாகத் துயரத்தைக் காட்டும் பக்கங்கள் நம் தொடர்கதைகளில் எத்தனை உண்டு என்று எண்ணிப் பார்த்தோம்.

போரை விரும்பும் நம் மனம்

நாமும் போர்க்கதைகளில் வளர்ந்தவர்களே. ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்று இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டாரைப் படிக்காமல் தமிழ் படித்ததாகச் சொல்ல முடியாது. வார இதழ்களின் காலத்தில் அந்தச் சுவை தொடர்கதைகளுக்கு மாறியது. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை வெளிவந்தபோது, வாதாபி எப்போது எரியும் என்று வாரந்தோறும் காத்திருந்தோர் பலர். நம் தந்தையார் அவர்களுள் ஒருவர். பேரன் அடுத்த தொகுதிக்குக் கை நீட்டியதைக் கண்டபோது தந்தையாரின் நினைவே வந்தது.

வாதாபியின் நினைவு வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பகைவர் நகரம் எரிந்தாலொழிய அங்கிருந்து அகலேன் என்று சபதம் செய்தவள் சிவகாமி. ஆண்டுகள் பல கழித்துச் சபதம் நிறைவேறுகிறது, வாதாபி எரிகிறது. ஆனால் சபதத்துக்கு வேராயிருந்த காதல் அவளுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. மாமல்லர் வேறொருத்தியின் கணவராகிவிட்டதை அறிந்து, இறைவனுக்கே தன்னை ஒப்படைக்கிறாள். அப்படையெடுப்பை நடத்திய பரஞ்சோதியோ வாளைத் துறந்து அடியாராகிறார். நான்காம் பாகத்துக்குக் கல்கி ‘சிதைந்த கனவு’ என்று பெயரிட்டது காரணமின்றியன்று. பழி நிறைவேறும், ஆனால் இழந்தது திரும்பாது என்பது அந்நாவலின் கசப்பான முடிவு. எரியும் வாதாபிக்காகக் காத்திருந்த வாசகர்களுக்கு ஆசிரியர் அந்தக் கசப்பையும் சேர்த்தே கொடுத்தார்.

கல்கி நெருப்புக்குப் பின் நின்று பழியைப் பார்த்தார். கிஷிமோட்டோ வேறோர் இடத்தில் நிற்கிறார். பழி தீர்க்க எல்லா வலிமையும் கையில் வந்துவிட்ட கணத்துக்கும், அதைத் தீர்த்துவிடும் கணத்துக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியில் நிற்கிறார். போருக்குரிய ஆரவாரம் முழுவதும் அந்த இடைவெளியை நோக்கியே நகர்கிறது.

போர் நிகழும் விதம்

முதலில் ஊர் அழிகிறது. நகாட்டோ தன் முழு ஆற்றலையும் திரட்டி ஒரு கணத்தில் அனைத்தையும் வெளித்தள்ள, கொனோஹா இருந்த இடத்தில் ஒரு மாபெரும் பள்ளம் மட்டும் எஞ்சுகிறது. கறுப்பு வெள்ளைச் சித்திரத்தில் அந்தப் பள்ளத்தைப் பார்க்கும் எவருக்கும் 1945 ஆகஸ்டு நினைவுக்கு வராமலிருக்காது. ஒகாயாமா, ஹிரோஷிமாவை அடுத்த மாவட்டம். அதைக்கொண்டு மட்டும் ஆசிரியரின் உள்ளக்கிடக்கையை நாம் முடிவுகட்டிவிட முடியாது. எனினும் நகாட்டோ பேசும் அரசியல் அணுயுகத்தின் அரசியலே என்பதில் ஐயமில்லை. ஒரே வலியைத் தாங்கினால்தான் மனிதர் ஒருவரையொருவர் அறிவர் என்கிறான் அவன். நாடுகளையே அழிக்கும் ஓர் ஆயுதத்தைச் செய்து உலகின் கையில் கொடுத்தால், அச்சத்தால் போர் நின்றுவிடும் என்கிறான். 1998 மே மாதத்தில் பொக்ரானில் நிலம் நடுங்கியபோது, அதே வாதத்தை நம் நாட்டிலும் கற்றோர் பலர் பேசினர். நம்மில் சிலரும் கைதட்டினோம். திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1963-இல் எழுதிய ‘பாரில் அமைதி’ என்னும் சுற்றுமடல், சமமான ஆயுத வலிமையின் மீது அமைதியைக் கட்ட இயலாது என்று கற்பித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 நவம்பரில் ஹிரோஷிமாவில் நின்று, அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமன்றி வைத்திருப்பதும் அறநெறிக்கு முரணானது என்றார். ஒரு சித்திரக்கதையின் வில்லன் பேசும் வாதத்தை எதிர்க்க இரண்டு திருத்தந்தையரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது என்றால், அவ்வாதம் அற்பமானதன்று என்பது தெளிவு.

நரூட்டோ களத்துக்கு வரும்போது புதியதோர் ஆற்றலோடு வருகிறான். இயற்கையின் ஆற்றலை உடலில் ஏற்கும் வித்தை அது. அதைப் பெறுவதற்கு ஒரே வழி, சற்றும் அசையாமல் அமர்ந்திருத்தல். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத துறுதுறுப்பான சிறுவனுக்கு ஆசிரியர் இப்படியொரு பயிற்சியை விதித்திருப்பது நயமானது. ஒன்றன்பின் ஒன்றாக உடல்கள் வீழ்கின்றன. கடைசி உடலோ அவனைத் தரையில் வீழ்த்தி, கைகளை ஊடுருவிக் கருங்கோலால் நிலத்தோடு அறைந்துவிடுகிறது. கிறித்தவ வாசகருக்கு இக்காட்சி எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் கண்ணாடியை ஆசிரியரின் மூக்கில் மாட்டுவது திறனாய்வு ஆகாது. நினைவு வந்தது என்று மட்டும் சொல்லி நகர்வோம்.

அறையப்பட்டுக் கிடப்பவனிடம் பெயின் கேட்கிறான்: வெறுப்பின் சங்கிலியை அறுக்க உன்னிடம் என்ன வழி உண்டு? நரூட்டோவிடம் விடை இல்லை. இதையே நாம் நூலின் உச்சமாகக் கருதுகிறோம். கதைத்தலைவனுக்கு விடை தெரியாது என்பதை ஆயிரமாயிரம் சிறார்கள் படிக்கும் வார இதழில் ஓர் ஆசிரியர் துணிந்து ஒப்புக்கொள்கிறார்.

அதன்பின் ஹினாட்டா என்னும் பெண் அவனைக் காக்கத் தனியே பாய்ந்து வீழ்த்தப்படுகிறாள். அதைக் கண்டு நரூட்டோ தன்னை இழக்கிறான். உள்ளே அடைபட்டிருந்த நரி வெளிப்படத் தொடங்குகிறது. காக்க வந்தவனே அழிக்கும் விலங்காகும் அத்தருணத்தில், என்றோ இறந்த தந்தை அவன் உள்ளத்தில் தோன்றி முத்திரையை மீண்டும் இறுக்குகிறார். அந்தத் தந்தையிடமும் விடை இல்லை. விடையை நீ கண்டறிவாய் என்னும் நம்பிக்கை மட்டுமே உண்டு.

மரத்தினுள் நிகழ்ந்த உரையாடல்

கடைசி உடலும் வீழ்ந்தபின், நகாட்டோ ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. காகிதங்களால் அமைக்கப்பட்ட ஒரு பெருமரத்தினுள் அவன் இருக்கிறான். ஊர்ப்பெரியவர்கள் துணைக்கு வர முன்வருகிறார்கள்; நரூட்டோ தனியே போகிறான். பேச வேண்டும் என்கிறான்.

எதிரில் இருப்பவன் எழுந்து நிற்கவும் இயலாதவன். ஒரு வீச்சு போதும். கொல்லும் ஆசை தன்னுள் கொதிப்பதை நரூட்டோ மறைக்கவில்லை. நகாட்டோவின் கதையை முழுவதும் கேட்கிறான். கேட்டபின்பும், உன்னை வெறுப்பது இன்னும் மாறவில்லை என்றே சொல்கிறான். பிறகு தன் ஆசிரியர் எழுதிய முதல் நாவலைப் பற்றிப் பேசுகிறான். விலைபோகாத நாவல் அது. வெறுப்பின் சாபத்தை முறிப்பேன், முடியும் என்று நம்புவதை விடமாட்டேன் என்று சொல்லும் வீரன் ஒருவன் அதில் வருகிறான். அந்த வீரனின் பெயர் நரூட்டோ. அந்நூலைப் படித்த பெற்றோர் தம் பிள்ளைக்கு அப்பெயரையே சூட்டினார்கள். கதைக்குள் ஒரு கதை எழுந்து ஒருவனுக்குப் பெயராகி, அந்தப் பெயரைத் தாங்கி வாழும் கடமையாகவும் ஆகிவிடுகிறது. திருமுழுக்கில் புனிதரின் பெயரைப் பெற்றுக்கொள்ளும் நமக்கு இது புரியாத பொருளன்று.

நகாட்டோ அவனை நம்பத் தீர்மானிக்கிறான். தன் உயிரைச் செலவிட்டு, அந்தப் படையெடுப்பில் கொல்லப்பட்ட கொனோஹா மக்கள் அனைவரையும் உயிர்ப்பிக்கிறான். தலைமயிர் வெளுத்து அங்கேயே இறக்கிறான். கொனான் காகித மலர்களை நரூட்டோவின் கையில் கொடுத்துவிட்டு, தன் தோழர் இருவரின் உடல்களோடு போய்விடுகிறாள். தள்ளாடித் திரும்பும் சிறுவனை, உயிர்பெற்று எழுந்த அவனுடைய ஆசான் ககாஷி முதுகில் சுமந்து வருகிறார். ஒதுக்கிய ஊர் முழுவதும் எல்லையில் காத்து நிற்கிறது.

பேரன் இந்த இடத்தில் குரல் தழுதழுத்தான். நாமும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டோம். மழைச்சாரல் என்று காரணம் சொன்னோம்.

இரு குற்றச்சாட்டுகள்

கண்ணீர் திறனாய்வாகிவிடாது. இந்த முடிவின் மீது இரண்டு குற்றச்சாட்டுகளைக் கூறலாம்.

முதலாவது இரசிகர்களே கூறுவது. சண்டையால் முடிக்க வேண்டியதை நரூட்டோ பேசியே முடித்துவிடுகிறான் என்று அவர்கள் கேலி செய்வதுண்டு. பேச்சே அவனுடைய கொடிய ஆயுதம் என்பார்களாம். நம் பேரனும் அதைச் சொன்னான். ஆனால் கவனித்துப் படித்தால் நரூட்டோ அந்த மரத்தினுள் பேசியதைவிடக் கேட்டதே மிகுதி. நகாட்டோவை வெல்லும் வாதம் எதுவும் அவனிடம் இல்லை. ஒருவேளை அதுவே காரணமாகலாம். நகாட்டோவின் துயரத்தை அதுவரை எவரும் முழுவதும் கேட்டதில்லை. கேட்டவர் ஒருவரை அவனே கொன்றுவிட்டான்.

இரண்டாவது கடுமையானது. இறந்தோரை எழுப்பிவிட்டால் மன்னிப்புக்கு என்ன விலை? ஊரார் அனைவரும் உயிரோடு திரும்பிவிட்டபின், கொலையே நிகழவில்லை என்றாகிவிடுகிறதே! நிகழாத கொலையை மன்னிப்பது எளிதல்லவா? முதல்முறை படித்தபோது நாமும் இவ்வாறே சலித்துக்கொண்டோம். மலிவான அற்புதம் என்று பேரனிடம் சொல்லியும் விட்டோம். அவன் சற்று யோசித்துவிட்டு, “ஜிராயா வரவில்லையே, பெரிய தாத்தா” என்றான்.

உண்மைதான். உயிர்த்தெழுந்தோர் அந்தப் படையெடுப்பில் மடிந்தவர்கள் மட்டுமே. நரூட்டோ எவருக்காக அந்த ஐஸ் உருகும்வரை அழுதானோ, அவர் வரவில்லை. யோபுவின் கதையை நாம் அறிவோம்: இழந்த மந்தைகள் இரட்டிப்பாயின, புதிய பிள்ளைகளும் பிறந்தனர், ஆனால் புயலில் வீடு இடிந்து மாண்ட பிள்ளைகள் திரும்பவில்லை. ஈடுசெய்யப்பட்டதன் நடுவே ஈடுசெய்யப்படாத ஒன்று எப்போதும் நிற்கிறது. மேலும் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். பழியைக் கைவிடும் முடிவை நரூட்டோ எடுத்தபோது, இறந்தோர் எழுவார்கள் என்பதை அவன் அறியான். அவன் விட்டுக்கொடுத்தது முதலில், அற்புதம் பின்னர். வரிசை மாறியிருந்தால் அது வணிகமாகியிருக்கும்.

ஆயினும் குற்றச்சாட்டு முழுவதும் நீங்கிவிடவில்லை. பெற்றோரை இழந்த நகாட்டோவிடம் கொனோஹா மன்னிப்புக் கேட்டதா? பெருநாடு சிறுநாட்டுக்குச் செய்த தீங்குக்கு எந்த ஈடும் பேசப்படவில்லை. கொடுத்தவன் நகாட்டோ, இறந்தவனும் நகாட்டோ. ஊர் தன் வீரனைத் தோளில் தூக்கி ஆடுகிறது. நீதியின் கணக்கு தீராமலே சமாதானத்தின் விழா தொடங்கிவிடுகிறது. கொனானும் ஹினாட்டாவும் ஆண்களின் முடிவுகளுக்குச் சாட்சிகளாகவோ தூண்டுகோல்களாகவோ மட்டும் நின்றுவிடுகிறார்கள். இவை நூலின் உண்மையான குறைகள். பிற்பகுதியில் கதை மேலும் பெரிய போர்களுக்குள் சென்று, இந்த மரத்தடியின் அமைதியை ஆரவாரத்தில் தொலைக்கிறது என்பதும் நம் எண்ணம். பேரன் இதை ஏற்கவில்லை.

எனினும் ஒன்றை இந்நூல் சரியாகக் கண்டிருக்கிறது. வெறுப்பு தணிந்தபின் மன்னிக்கலாம் என்று நாம் காத்திருக்கிறோம். நரூட்டோவின் வெறுப்பு தணியவில்லை; தணியாத வெறுப்போடுதான் அவன் கையை இறக்குகிறான். எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று கேட்ட பேதுருவுக்கு ஆண்டவர் கொடுத்த எண்ணிக்கையை நாம் மிகைச்சொல் என்றே எண்ணியிருந்தோம். ஒரே குற்றத்தையே, அது நெஞ்சில் எழும் ஒவ்வொரு காலையிலும் மீண்டும் மன்னிக்க வேண்டியிருக்கும் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம் என்பது இப்போதுதான் நமக்குத் தோன்றியது.

நம் வேலிக்கு அப்பால்

மூன்றாம் நாள் மாலை பேரன் கேட்டான்: “சின்னத் தாத்தா வீட்டுக்கு நாம் ஏன் போவதில்லை?”

சின்னத் தாத்தா என்பவர் நம் தம்பி. தந்தையார் விட்டுச்சென்ற காப்பித் தோட்டத்தைப் பாகம் பிரித்தபோது, ஊற்றுநீர் வரும் வாய்க்கால் யாருடைய எல்லைக்குள் வருவது என்று வழக்கெழுந்தது. அவர் ஒரு வேலி போட்டார். நாம் ஒரு சொல் சொன்னோம். பத்தொன்பது ஆண்டுகளாயின. ஒரே ஆலயத்தில், ஒரே ஞாயிறு திருப்பலியில் இருவரும் பங்குகொள்கிறோம். சமாதானத்தை ஒருவருக்கொருவர் அறிவிக்கும் வேளையில் நாம் வலப்பக்கம் இருப்போரை நோக்கித் திரும்புவோம். அவர் இடப்பக்கம் இருப்போரை நோக்கித் திரும்புவார். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் தவறியதில்லை.

நகாட்டோவுக்கு விடை சொல்ல முடியாத நரூட்டோவைப் போலவே நாமும் விழித்தோம். வேலியைப் பற்றிப் பேசலாமா, வாய்க்காலைப் பற்றிப் பேசலாமா, நாம் சொன்ன சொல்லைப் பற்றிப் பேசலாமா? பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் எதைச் சொன்னாலும் அது சிறியதாகவே ஒலிக்கும் என்பது தெரிந்தது. “மழை விடட்டும்” என்றோம்.

மழை விடவில்லை. அந்த வீட்டிலுள்ள பிள்ளையும் இதே தொகுதிகளைப் படிக்க ஆவலாயிருக்கிறான் என்றும், கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றும் பேரன் பிடிவாதம் செய்தான். புத்தகங்கள் நனையக்கூடாதே என்பதற்காக நாமே குடை பிடித்துக்கொண்டு நடந்தோம். வாயிற்படலோடு திரும்பிவிடுவது என்பது நம் தீர்மானம்.

தம்பி திண்ணையில் இருந்தார். முடி முற்றும் நரைத்திருந்தது. இவ்வளவு அருகில் அவரைப் பார்த்து நெடுங்காலமாயிற்று. நம்மை நேரே பார்க்கவில்லை. பேரனைப் பார்த்து, “உன் பெரிய தாத்தா நனைகிறார் பார். திண்ணைக்கு வரச்சொல்” என்றார். நாமும் பேரனிடமே, “பரவாயில்லை என்று சொல்” என்றோம். பிள்ளை இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு நம் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கிவிட்டான். வேறு வழியின்றிப் படியேறினோம். உட்காரவில்லை.

“என்ன புத்தகம் அது?” என்று தம்பி கேட்டார். இம்முறை பேரனிடம் கேட்டாரா நம்மிடம் கேட்டாரா என்பது விளங்கவில்லை. “ஒரு போர்க்கதை” என்று நாம் விடை சொன்னோம். அவர் தலையசைத்தார். உள்ளேயிருந்து காப்பி வந்தது. நின்றபடியே குடித்தோம். வாய்க்காலைப் பற்றி எவரும் பேசவில்லை.

நிகழ்ந்தது அவ்வளவே. வாசக அன்பர்கள் இதை ஒரு சமாதானக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலி இன்றும் நிற்கிறது. நாம் அன்று சொன்ன சொல்லை இன்னும் திரும்பப் பெறவில்லை. பேரன் பள்ளி திறந்ததும் சேலத்துக்கு இறங்கிவிட்டான். அவன் விட்டுச்சென்ற தொகுதிகள் இப்போது வேலிக்கு அப்பால் தம்பி வீட்டில் இருக்கின்றன. அவற்றைத் திரும்பப் பெற்றுவர நாம் ஒருநாள் போகத்தான் வேண்டும்.